புதிதாக ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனவர்களுக்கு: தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை, வரிசை மாறாமல்

நன்றாக வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு, "இனி இந்த ப்ராஜெக்ட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அவர் இருக்கைக்குத் திரும்பியதும் எக்செல்லைத் திறப்பார், இடப்பக்கம் வேலைகள், வலப்பக்கம் தேதிகள் என்று நிரப்பத் தொடங்குவார். நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலானோர் தடுமாறியது இந்த இடத்தில்தான். தேதி போடுவதற்கு முன்னால் நான்கைந்து வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்து அதையே செய்ய வேண்டியிருந்தது, அதுவும் ஆட்களும் பணமும் இறங்கிய பிறகு.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். 6 கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடை, பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து புதியதுக்கு மாறுகிறது. நீங்கள்தான் ப்ராஜெக்ட் மேனேஜர். உங்கள் வேலை கட்டடமாக இருந்தாலும் கல்லூரி மாநாடாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பெயர் வேண்டும், ஒரே ஒரு பெயர். பணம் கொடுப்பவரும் கடைசி முடிவு சொல்பவருமான அவரை ஸ்பான்சர் என்பார்கள். குடும்ப வியாபாரத்தில் அண்ணன் கணக்கைப் பார்ப்பார், தம்பி கொள்முதலைப் பார்ப்பார், இருவரும் உங்களிடம் வேறு வேறு விஷயம் சொல்வார்கள். இருவரையும் உட்காரவைத்து, "கருத்து வேறுபட்டால் யார் சொல்வதைச் செய்ய வேண்டும்?" என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனால் பணம் செலவான பிறகு கேட்பது இதைவிடச் சங்கடம்.

அடுத்து, உங்கள் எல்லை. யாரையும் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம், எத்தனை நாள் தாமதம் வரை நீங்களே சமாளிக்கலாம், எதற்கு மேல் ஸ்பான்சரிடம் போக வேண்டும். இது எழுத்தில் இல்லாவிட்டால் ஒரு கேபிள் வாங்கக்கூட போன் அடித்துக் காத்திருப்பீர்கள், அல்லது கேட்காமல் வாங்கிவிட்டுத் திட்டு வாங்குவீர்கள்.

இரண்டையும், எதற்காக இந்த வேலை, மொத்தப் பணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதி ஸ்பான்சரிடம் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். பத்துப் பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

2. 'முடிந்தது' என்றால் என்ன என்று எழுதுங்கள்

"புதிய மென்பொருள் போட வேண்டும்" என்பது ஒரு விருப்பம், அவ்வளவுதான். முடிந்ததா இல்லையா என்று சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் வந்து பார்த்துச் சொல்லும்படி எழுத வேண்டும். உதாரணமாக: 6 கிளையிலும் எல்லா பில்லும் புதிய மென்பொருளில் போடப்படுகின்றன, இரவு கடை அடைக்கும்போது ரொக்கம், கார்டு, யுபிஐ மூன்றும் தனித்தனியாகக் கணக்கோடு ஒத்துப்போகின்றன, வாடிக்கையாளர் கையில் இருக்கும் பழைய கிரெடிட் நோட்டுகளை (திருப்பிய துணிக்குக் கடை தந்த வரவுச் சீட்டுகளை) புதிய கவுண்டரில் ஏற்க முடிகிறது, ஜிஎஸ்டி ரிட்டனுக்குத் தேவையான அறிக்கையைக் கணக்காளரே எடுக்கிறார்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல்: எதெல்லாம் இதில் கிடையாது. ஆன்லைன் விற்பனை கிடையாது, ஊழியர் சம்பளக் கணக்கு கிடையாது, வாடிக்கையாளர் பாயிண்ட் திட்டம் கிடையாது. எனக்கு இந்த இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். என்ன உண்டு என்பதை எல்லோரும் தலையாட்டி ஒத்துக்கொள்வார்கள். என்ன கிடையாது என்று வாசித்துக் காட்டும்போதுதான் "அது இல்லாமலா?" என்று ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அந்தச் சண்டை இப்போது நடந்தால் காகிதத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

3. யாரெல்லாம் சம்பந்தப்பட்டவர்கள், யார் எதற்குப் பொறுப்பு

புதியவர்கள் முதலாளியையும் மென்பொருள் கம்பெனியையும் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கவுண்டரில் பில் போடுகிற பெண், குடோனில் சரக்கு இறக்குபவர், கணக்காளர், ஆடிட்டர், கிளை மேற்பார்வையாளர்கள், பிரிண்டர் சப்ளை செய்பவர் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும். குறிப்பாக பில் போடுகிறவரிடம் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு குடும்பம் 14 துணி எடுக்கிறது, இரண்டை வேண்டாமென்று திருப்புகிறது, பாதியை ரொக்கமாகவும் பாதியை யுபிஐயிலும் கட்டுகிறது, நடுவில் ஒரு பார்கோடு படிக்கவில்லை. அந்த ஒரு பில்லில் இருக்கும் அத்தனையும் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினால் வெளியே வராது.

பிறகு ஒவ்வொரு பெரிய வேலைக்கும் நான்கு கேள்விகள்: யார் செய்வது, யார் பதில் சொல்வது, யாரைக் கேட்க வேண்டும், யாரிடம் தெரிவித்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர்தான் வர வேண்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் ஒருவர் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்.

ஆள் கூடக் கூடப் பேச்சுத் தொடர்பும் பெருகும் என்பதையும் மனதில் வையுங்கள். 5 பேருக்குள் 10 ஜோடித் தொடர்புகள், 10 பேருக்குள் 45. எல்லாக் கூட்டத்துக்கும் எல்லோரையும் கூப்பிடாமல் இருக்க இது ஒன்றே போதிய காரணம்.

4. வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்

இன்னும் தேதி வேண்டாம், எக்செல் வேண்டாம். ஒரு பெரிய தாளில் கைக்குக் கிடைக்க வேண்டிய பொருட்களை மட்டும் எழுதுங்கள்: சுத்தம் செய்த பொருள் பட்டியல், வேலை செய்யும் கவுண்டர், பயிற்சி பெற்ற ஊழியர்கள், சோதித்துப் பார்த்த பில், மாற்றப்பட்ட பழைய பாக்கிகள். அதன் கீழ் ஒவ்வொன்றையும் இன்னும் உடையுங்கள். உடைத்த துண்டுகளைக் கூட்டினால் முழு வேலையும் வர வேண்டும், ஒன்றும் கூடவோ குறையவோ கூடாது.

எந்த அளவுக்கு உடைப்பது? ஒரு துண்டுக்கு ஒரு ஆள் பொறுப்பேற்க முடிய வேண்டும், ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். மூன்று வார வேலையாக விட்டால், அது கெட்டுப்போனது உங்களுக்கு மூன்றாவது வாரம்தான் தெரியும்.

மறந்துபோகும் துண்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பயிற்சி, பழைய தகவலைச் சுத்தம் செய்வது, சோதனையில் கண்ட பிழைகளைத் திருத்தி மறுபடி சோதிப்பது, ஒப்படைப்பு. இதில் தகவல் சுத்தம் செய்வதை யாருமே பெரிதாக நினைப்பதில்லை. பழைய மென்பொருளைத் திறந்து பாருங்கள்: 'காட்டன் சாரி', 'காட்டன் சேலை', 'கா.சேலை' என்று ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும், மூன்றிலும் இருப்பு இருக்கும், ஒன்றில் மட்டும் எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை எதோடு சேர்ப்பது என்று மென்பொருள் ஆளால் சொல்ல முடியாது, கடையில் சரக்கு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அவரோ முழு நாளும் கொள்முதலில் இருப்பார். ஆகவே இது கணினி வேலை மாதிரி தெரிந்தாலும், உண்மையில் ஒரு பிஸியான மனிதரின் நேரத்தை வாங்குகிற வேலை. திட்டத்தில் அப்படித்தான் எழுத வேண்டும்.

5. எவ்வளவு நாள் ஆகும் என்பதைச் செய்பவரிடம் கேளுங்கள்

நீங்களே அந்த வேலையில் கெட்டிக்காரராக இருந்திருந்தால் இங்கே கவனம் தேவை. உங்கள் வேகத்தில் நாள் போடுவீர்கள், செய்யப்போவது இன்னொருவர். அவர் வாயால் வராத நாள்கணக்கை அவர் தன்னுடையதாக நினைக்கமாட்டார்.

ஒரே எண்ணைக் கேட்காமல் மூன்று எண்கள் கேளுங்கள். எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், மோசமாகப் போனால் எத்தனை நாள். தகவல் சுத்தம் செய்ய 4, 6, 14 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்லபடி எண், வழக்கமான எண்ணின் நான்கு மடங்கு, மோசமான எண் மூன்றையும் கூட்டி 6 ஆல் வகுங்கள்: 4 + 24 + 14 = 42, அதை 6 ஆல் வகுத்தால் 7 நாள். கணக்கைவிட முக்கியமானது, "14 ஏன்?" என்று கேட்கும்போது அவர் சொல்லும் பதில். அதை அப்படியே ஏழாவது படியில் வரும் ஆபத்துப் பட்டியலுக்குக் கொண்டுபோகலாம்.

உழைப்பு வேறு, காலம் வேறு. கணக்காளருக்கு 4 நாள் வேலை என்றால் அது 4 நாளில் முடியாது. மாதாமாதம் ரிட்டன் போடும் கடையில், விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 க்கு 11ஆம் தேதி கடைசி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி க்கு 20ஆம் தேதி கடைசி. அந்தத் தேதிகளை ஒட்டி அவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். ஆட்களின் இந்த மாதச் சுழற்சியைக் கேட்காமல் போட்ட திட்டம் முதல் மாதமே நழுவும்.

இன்னொன்று: ஒவ்வொரு வேலையிலும் இரண்டு நாள் ஒளித்துவைக்காதீர்கள். ஒளித்துவைத்த நாள் செலவாகிவிடும். உபரி நாட்களை எல்லோருக்கும் தெரியும்படி கடைசியில் ஒரே இடத்தில் வையுங்கள், எதற்காக எடுத்தோம் என்று கணக்கும் வையுங்கள்.

6. இப்போது வரிசை, அப்புறம் தேதி

எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று அம்புக்குறி போட்டு இணையுங்கள். நம் உதாரணத்தில்: தகவல் சுத்தம் 7 நாள், புதிய மென்பொருளில் ஏற்ற 2 நாள். இன்னொரு பக்கம் பிரிண்டர் வந்து சேர 4 நாள், வயரிங் 1 நாள். இரண்டும் முடிந்தால்தான் ஒரு கிளையில் சோதனை, அது 5 நாள். பிறகு பயிற்சி 3 நாள்.

மிக நீளமான பாதையைக் கூட்டுங்கள்: 7 + 2 + 5 + 3, ஆக 17 வேலை நாட்கள். இதுதான் கிரிட்டிக்கல் பாத். இதில் ஒரு நாள் போனால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். பிரிண்டர் பக்கம் 5 நாள்தான், சோதனை தொடங்க 9 நாள் இருக்கிறது, அதனால் அங்கே 4 நாள் இடைவெளி உண்டு. பிரிண்டர் 3 நாள் தாமதம் என்று யாராவது பதறினால் நீங்கள் பதற வேண்டாம். அதுவே 6 நாள் தாமதமானால் இப்போது அதுதான் நீளமான பாதை, மொத்தமும் 2 நாள் தள்ளும். எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் இந்தக் கணக்கின் பயன்.

இதற்குப் பிறகு காலண்டரை எடுங்கள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் கவுண்டரைத் தொடவே கூடாது. பொங்கல் வியாபாரம் முடிந்து தொடங்கி, பிப்ரவரியில் ஒரு கிளையில் சோதித்து, ஏப்ரல் 1க்குள் எல்லாக் கிளையும் மாறுவது வசதி, ஏனென்றால் பில் எண் தொடர் நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி (எண் 16 எழுத்துகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும்), புது ஆண்டில் புதுத் தொடர் தொடங்குவது எளிது, மார்ச் இறுதியில் எப்படியும் இருப்பு எடுப்பார்கள். நடுவில் மாறும் சோதனைக் கிளைக்குத் தனித் தொடர் வைத்துக்கொள்ளலாம்.

மாறும் நாளுக்கு நல்ல நாள் பார்ப்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். முதல் நாள் மாலை "நாளைக்குக் கரிநாள் தம்பி, வேண்டாம்" என்று முதலாளி சொன்னால் வெளியூரிலிருந்து வந்த நான்கு பேர் லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

7. எது தவறலாம் என்ற பட்டியல்

ஒவ்வொரு ஆபத்துக்கும் நான்கு விஷயம்: என்ன நடக்கலாம், நடக்கப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும், நடந்தால் என்ன செய்வோம், யார் பார்த்துக்கொண்டிருப்பது. கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கவலைப் பட்டியல்.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு நல்ல உதாரணம் 2025இல் நடந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வெளியானது, 22ஆம் தேதி புது விகிதம் அமலுக்கு வந்தது. ஆயத்த ஆடையில் 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது, 2500 வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆனது. தீபாவளி வியாபாரம் வாசலில் நிற்கும் நேரத்தில் மூன்று வாரம்கூட இல்லை. விலை எல்லையையும் விகிதத்தையும் கடைக்காரரே திரையில் மாற்றிக்கொள்ளும்படி இருந்த மென்பொருளுக்கு அது சின்ன வேலை. நிரலுக்குள்ளேயே பொதிந்துவைத்திருந்தால் கம்பெனியைத் துரத்த வேண்டும். சட்டம் எப்போது மாறும் என்று உங்களால் கணிக்க முடியாது, மாறினால் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்க முடியும்.

8. வேலை ஓடும்போது உங்கள் வேலை என்ன

கெட்டிக்காரத் தொழிலாளியாக இருந்து மேனேஜர் ஆனவர்கள் நெருக்கடி வந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். தகவல் சுத்தம் தாமதமாகிறது என்றதும் இவரே உட்கார்ந்து இரவு முழுக்கத் திருத்துவார். அந்த நேரத்தில் பிரிண்டர் ஆர்டர் போகவில்லை, ஆடிட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் போகவில்லை, முதலாளியிடம் வாங்க வேண்டிய முடிவு கிடக்கிறது. வேலை நிற்பதற்குப் பெரும்பாலும் கை குறைவு காரணம் அல்ல, யாரோ ஒருவர் சொல்ல வேண்டிய முடிவு வராததுதான் காரணம். அந்த முடிவு யாரிடம் கிடக்கிறது என்று தேடிப் போய் வாங்கிவருவது உங்கள் வேலை. உங்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

வாரம் ஒரு முறை நிலவரம் கேளுங்கள். "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டால் "90 சதவீதம்" என்று பதில் வரும், அடுத்த வாரமும் அதே 90தான். "இன்னும் எத்தனை நாள் வேலை மீதி இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். துண்டுகள் சின்னதாக இருந்தால் முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு பதிலே போதும்.

பணத்தை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். மொத்த பட்ஜெட் 10 லட்சம். பாதிக் காலம் ஓடிவிட்டது, திட்டப்படி இந்நேரம் 5 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும், செலவும் 5 லட்சம்தான். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் உண்மையில் முடிந்த வேலை 4 லட்சம் பெறுமானம்தான் என்றால், ஒரு ரூபாய்க்கு 80 பைசா வேலை நடக்கிறது, இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 12.5 லட்சம். இதைப் பாதியில் சொன்னால் முதலாளி கோபப்படுவார், பிறகு ஏதாவது வழி சொல்வார். கடைசியில் சொன்னால் அவரிடமும் வழி இருக்காது. கெட்ட செய்தியைத் தனியாகக் கொண்டுபோகாமல், இரண்டு மாற்று வழிகளோடு கொண்டுபோங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவுகள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். என்ன முடிவு, யார் சொன்னது, எந்தத் தேதி என்று ஒரு தாளில் தனியாக எழுதி, வாரக் கடைசியில் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

9. "இதையும் சேர்த்துடுங்க" என்று வரும்போது

வரும், கட்டாயம் வரும். "தம்பி, அப்படியே கஸ்டமருக்கு பாயிண்ட் குடுக்கிற மாதிரி பண்ணிடலாம்ல?" சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். "பார்த்துட்டு நாளைக்கு எழுதித் தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, எத்தனை நாள் கூடும், எவ்வளவு பணம் கூடும், அதே தேதியில் முடிய வேண்டுமானால் எதை விட வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். முடிவு அவருடையது, விலையைக் காட்டுவது உங்களுடைய கடமை. பாதிப் பேர் விலையைப் பார்த்ததும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

சின்னதுதானே என்று யாரிடமும் சொல்லாமல் சேர்த்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அப்படிச் சேர்ந்த பத்துச் சின்ன வேலைகளுக்கு நாளும் இல்லை, பணமும் இல்லை, சோதனையும் இல்லை.

தாமதமாகிறது என்று கடைசி நேரத்தில் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுவதும் பெரும்பாலும் உதவாது. வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களின் நேரம்தான் போகும்.

10. மாற்றும் நாளும் ஒப்படைப்பும்

சோதனையை மென்பொருள் கம்பெனி ஆள் செய்து காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கவுண்டரில் தினமும் உட்காருபவர் செய்ய வேண்டும், நீங்கள் பார்த்த அந்த 14 துணி பில்லை அவர் போட வேண்டும். கூடவே நெட் இல்லாதபோது என்ன, கரண்ட் போய் வந்தால் பாதிப் போட்ட பில் என்ன ஆகிறது என்பதையும்.

முதல் கிளையை வார நடுவில் மாற்றுங்கள், சனி ஞாயிறு வேண்டாம். திரும்பிப் போகும் வழியை எழுதிவையுங்கள்: பகல் 12 மணிக்குள் பில் ஓடவில்லை என்றால் பழைய மென்பொருளுக்குத் திரும்புவோம், அதைச் சொல்பவர் இவர். நேரமும் ஆளும் முன்பே குறிக்கப்படாவிட்டால் "இன்னும் பத்து நிமிஷம்" என்றே மாலை ஆகிவிடும், வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள்.

எல்லாக் கிளையும் மாறிய பிறகு, இரண்டாவது படியில் எழுதிய 'முடிந்தது' பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஸ்பான்சரிடம் கையெழுத்து வாங்குங்கள். மீதமிருக்கும் சின்னப் பிழைகளைத் தனிப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, அது முடியும்வரை மென்பொருள் கம்பெனியின் கடைசித் தவணையை நிறுத்திவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே அது தொடக்கத்தில் செய்ய வேண்டிய ஏற்பாடு.

அட்மின் பாஸ்வேர்டுகள், லைசென்ஸ், பேக்கப் எங்கே போகிறது, பிரச்சினை வந்தால் யாருக்கு போன் செய்வது, எல்லாம் கடையில் ஒருவர் பெயரில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒரு மாதம் கழித்து, முதல் ரிட்டன் போட்ட பிறகு, கணக்காளரையும் கவுண்டர்காரர்களையும் ஒரு முறை உட்காரவைத்து எது சிரமமாக இருந்தது என்று கேளுங்கள். மதிப்பிட்ட நாளும் உண்மையில் ஆன நாளும் பக்கம் பக்கமாக இருக்கும் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ப்ராஜெக்ட்டின் ஐந்தாவது படிக்கு அதுதான் முதல் ஆதாரம்.